கோட்டுக்கு அப்பால் நின்று கூப்பிடுகிறவள்

தாமோதரை நான் மன்னிக்கவில்லை. "பெரிய மனசு பண்ணி விட்ருங்க டீச்சர்" என்று எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். எனக்குச் சின்ன மனசுதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

அவன் செய்தது இதுதான். என் தம்பியின் கழுத்தில் கிடந்த தங்கப் பதக்கத்தை ஒரு மைதானமே பார்த்துக்கொண்டிருக்கும்போது கழற்ற வைத்தான். அதோடு விட்டானா? மைக்கைப் பிடித்து என்னை ஏமாற்றுக்காரி என்றும் சொன்னான்.

நான் சத்யப்பிரியா. ராஜபாளையத்தில் அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். பள்ளி நாலு மணிக்கு விடும். அதற்குப் பிறகு அதே மைதானத்தில், பள்ளி வயதைத் தாண்டியவர்களுக்குத் தனியாகப் பயிற்சி நடத்துகிறேன். படிப்பு முடிந்தது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டு, டிவி முன்னால் உட்கார்ந்து உடம்பு பெருத்துப்போன ஆட்கள் வருவார்கள். ஓட வைப்பேன், குண்டு எறிய வைப்பேன், பந்து உருட்ட வைப்பேன். என் தம்பி கௌதம்ராஜ் அவர்களில் ஒருவன். இருபத்திமூன்று வயது. அவனுக்காகத்தான் ஆரம்பித்தேன், ஊருக்காக ஆரம்பித்தேன் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். இவர்களை 'தெய்வக் குழந்தைகள்' என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுவேன். குழந்தையுமில்லை, தெய்வமுமில்லை. முகச்சவரம் செய்துவிடச் சொல்லி அடம் பிடிக்கிற ஆம்பளைகள்.

எங்கள் ஆட்களை ஓட வைப்பதில் ஒரு வழக்கம் உண்டு. நூறு மீட்டர் தள்ளி ஒரு சுண்ணாம்புக் கோடு இருக்கிறது என்பதற்காக அவர்களில் பலர் ஓட மாட்டார்கள். கோட்டைப் பார்த்து எவன் ஓடுவான்? கோட்டுக்கு அப்பால் பழகிய முகம் நிற்க வேண்டும். பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் உயிரைக் கொடுத்து ஓடி வருவார்கள். கூப்பிடாவிட்டால் பாதியில் நின்று பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டரைப் பார்ப்பார்கள். எங்கள் மாவட்டப் போட்டியில் இதை யாரும் தடுப்பதில்லை. ஒவ்வொருவனுக்கும் ஒரு குரல் உண்டு. கௌதமுக்கு என் குரல்தான், வேறு யார் கூப்பிட்டாலும் அசைய மாட்டான்.

போட்டியில் ஒரு விதியும் உண்டு. காலையில் எல்லோரையும் ஒருமுறை ஓட விட்டு நேரம் எடுப்பார்கள். மெதுவாக ஓடுகிறவர்கள் ஒரு குரூப், வேகமாக ஓடுகிறவர்கள் ஒரு குரூப் என்று பிரித்து, மத்தியானம் இறுதி ஓட்டம். காலையில் வேண்டுமென்றே ஊர்ந்து, சுலபமான குரூப்பில் புகுந்துகொண்டு, மத்தியானம் பறந்து பதக்கம் வாங்குகிற கள்ளத்தனத்தைத் தடுக்க வேண்டுமல்லவா? அதனால் காலை நேரத்தைவிட ரொம்பவும் வேகம் கூடிவிட்டால் அந்த ஆள் அவுட். விதியில் தப்பே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானத்தில் போட்டி நடந்தது. காலையில் கௌதமின் முறை வந்தபோது எங்கள் பயிற்சிக்கு வருகிற விமலுக்கு வலிப்பு வந்துவிட்டது. அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கோட்டுக்கு அப்பால் நான் இல்லை. கௌதம் பாதி தூரம் வந்தான், நின்றான், என்னைத் தேடினான், பிறகு கையை வீசிக்கொண்டு நடந்தே வந்து முடித்தான். மத்தியானம் நான் நின்றேன். கூப்பிட்டேன். வந்தான் பாருங்கள், அப்படி ஒரு ஓட்டம்! தங்கம்.

இரண்டாவதாக வந்தது தாமோதரின் ஆள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இதே மாதிரி ஆட்களுக்கு ஓர் இல்லம் நடத்துகிறவன் இந்தத் தாமோதர். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, எப்போதும் பக்கத்தில் இரண்டு நன்கொடையாளர்கள், கையில் செல்போன். பதக்கம் போட்டுப் போட்டோ எடுத்து முடிந்ததும் நேரே மேடைக்குப் போனான்.

"சிஸ்டர் காலையில பையனை நடக்க வச்சாங்க, மத்தியானம் ஓட வச்சாங்க. இது என்ன வித்தைன்னு நமக்குத் தெரியாதா சார்?" என்று மைக்கில் கேட்டான்.

நான் வலிப்பைச் சொன்னேன், விமலைக் காட்டினேன். போட்டி நடத்துகிற குழுவின் தலைவர் சக்ரபாணி சார், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், நியாயமான மனுஷர். இரண்டு நேரங்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். "நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லலம்மா. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே" என்றார்.

கிருஷ்ணன்கோவில் கல்லூரியிலிருந்து உதவிக்கு வந்திருந்த ஒரு மாணவன் தயங்கித் தயங்கி வந்து கௌதமின் கழுத்திலிருந்து பதக்கத்தைக் கழற்றினான். கௌதம் தலையைக் குனிந்து வசதியாகக் கொடுத்தான். "அழுக்காயிருச்சா அக்கா? தொடச்சுத் தருவாங்களா?" என்று கேட்டான். தாமோதரின் ஆள் கழுத்தில் அதே பதக்கம் ஏறியது. தாமோதர் போட்டோ எடுத்தான்.

வீட்டுக்கு வந்து கௌதம் மாசக் கணக்காகக் கேட்டான். சாப்பிடும்போது, படுக்கும்போது. "அக்கா, தொடச்சாச்சாமா?" ஒவ்வொரு முறை அவன் கேட்கும்போதும் எனக்கு அடிவயிற்றில் பற்றி எரியும். அடுத்த போட்டியில் தாமோதரின் ஆள் கழுத்திலிருந்து ஒரு பதக்கம் கழன்றே தீர வேண்டும், அதுவும் மைக் வைத்து, என்று கறுவிக்கொண்டே அந்த வருஷத்தை ஓட்டினேன்.

கடவுள் இருக்கிறானோ இல்லையோ, எனக்கு வேண்டியதைத் தட்டில் வைத்துக் கொடுத்தான்.

அடுத்த வருஷம் தாமோதரிடம் ஒரு புதுப் பையன் இருந்தான். மாரிசெல்வம். சுந்தரபாண்டியத்து ஆள். நெடுநெடுவென்று வளர்ந்தவன், கௌதம் வயசுதான். போட்டி அன்று காலையில் தாமோதர் அவனுக்கு ஓட்டம் தொடங்கும் இடத்தில் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் எங்கள் ஆள் ஒருத்தனுக்கு ஷூ கயிறு கட்டிக்கொண்டு நான் குனிந்திருந்தேன். என்னை அவன் பார்க்கவில்லை.

"மாரி, சமுத்திரம் அண்ணனைத் தாண்டக் கூடாது. அண்ணன் கூடவே வரணும். தாண்டினா பரோட்டா கிடையாது. என்ன சொன்னேன்?"

"தாண்டக் கூடாது."

சமுத்திரம் என்பவன் அந்த இல்லத்திலேயே மிகவும் கனத்த ஆள், நடந்தாலே மூச்சு வாங்கும். விசில் ஊதியதும் மாரி நாலே எட்டில் சமுத்திரத்தைத் தாண்டிவிட்டான். உடனே ஞாபகம் வந்து, நின்று, திரும்பி, காத்திருந்து, அவனோடு சேர்ந்து குதித்துக் குதித்து வந்து முடித்தான். கூட்டம் கைதட்டியது. நட்பாம்! பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

அப்போதே சக்ரபாணி சாரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். மறுபடி ஓட விட்டு, மாரியை அவனுக்குரிய வேகமான குரூப்பில் போட்டிருப்பார்கள். அவ்வளவுதான், விஷயம் முடிந்திருக்கும். தாமோதருக்கு ஒரு மயிரும் வலித்திருக்காது. என் வாயை நான் இறுக்கி மூடிக்கொண்டேன்.

மத்தியானம் மாரி கௌதமின் குரூப்பில் வந்து நின்றான். தாமோதர் கோட்டுக்கு அப்பால் நின்று "மாரி, இப்ப ஓடி வா, பரோட்டா!" என்று கத்தினான். நானும் கத்தினேன். கௌதம் நன்றாகவே ஓடினான். ஆனால் மாரி முடித்து நின்று மூச்சு வாங்கியபிறகுதான் இவன் வந்து சேர்ந்தான். எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. ஏறட்டும், பதக்கம் கழுத்தில் ஏறட்டும் என்று காத்திருந்தேன். ஏறியது. தாமோதர் அவன் தோளில் கை போட்டு, நன்கொடையாளர்களை இரண்டு பக்கமும் நிறுத்திப் போட்டோ எடுத்தான். எடுத்து முடிக்கும்வரை பொறுத்தேன். பிறகு மேடையேறி மைக்கை வாங்கினேன்.

நேரங்களைப் பார்த்ததும் சக்ரபாணி சாருக்கே முகம் மாறிவிட்டது. "காலையில அந்தப் பையன் நின்னு வந்ததை நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். இவர் தாண்டக் கூடாதுன்னு சொல்லிக் கொடுத்ததையும் காதால கேட்டேன்."

"காலையிலயே தெரியும்னா அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?"

"போன வருஷம் எனக்கு யாரு சார் காலையில வந்து சொன்னா?"

மைதானமே கேட்டது. தாமோதர் வெட்கிச் சாவான் என்று பார்த்தேன். அவன் தோளைக் குலுக்கினான். "மூடுக்கு ஏத்த மாதிரி ஓடற பையன் சார் இவன். நான் என்ன பண்ண முடியும்? விதிப்படி செய்யுங்க" என்று சொல்லிவிட்டு, நன்கொடையாளர்களைக் கூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டான். படுபாவி!

மாரி பதக்கத்தைக் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். விரலைப் பிரிக்கப் போனதும் தரையில் விழுந்து புரண்டான். மூன்று பேர் சேர்ந்து பிரித்தார்கள். அவன் போட்ட அலறலில் சின்னப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தன. அதையெல்லாம் பார்க்கத் தாமோதர் அங்கே இல்லை. நான்தான் பார்த்தேன்.

பதக்கம் இரண்டாவதாக ஓடிய கௌதமுக்கு வந்தது. உடனே எடுத்து அந்தப் பையனிடமே கொடுத்திருப்பான் என்று நினைக்கிறீர்களா? அதெல்லாம் இல்லை. பஸ்ஸில் கண்டக்டர் முதற்கொண்டு எல்லோரிடமும் காட்டினான். "தொடச்சுட்டாங்க அக்கா, பளபளன்னு இருக்கு" என்றான். கழுத்தோடு போட்டுக்கொண்டே தூங்கினான். அவன் சந்தோஷம் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் தாமோதர் நன்றாகத்தானே இருந்தான்? என் வயிறு குளிரவே இல்லை.

அந்த வாரமே ஒரு சாயங்காலம், பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போது ஒரு பெண் மைதானத்துக்குள் வந்தாள். ஒற்றை நாடி உடம்பு, நடவு வயலிலிருந்து நேராக வந்தவள் போலச் சேலைக் கரையில் சேறு காய்ந்திருந்தது. அவள் கையைப் பிடித்தபடி மாரிசெல்வம். அவன் தாய் முத்துப்பேச்சி.

"நீதான அந்த டீச்சரு?"

"ஆமா. உக்காருங்க."

"உக்கார வரல. ஒண்ணு கேக்கணும். காலையிலயே பாத்தேன்னு மைக்குல சொன்னியாமே, மெய்தானா?"

"மெய்தான்."

"அப்பவே சொல்லியிருந்தா எம்புள்ள கழுத்துல அது ஏறியிருக்காதுல்ல?"

"தாமோதர்தான் அவனை..."

"அவன நான் பாத்துக்கிட்டேன். நேத்து அந்த எல்லத்து வாசல்ல நின்னு அவன் சட்டையப் பிடிச்சிட்டுத்தான் வாரேன். எம்புள்ளய இனி அங்க விட மாட்டேன். எங்க ஊருப் புள்ளைய நாலு பேரையும் நிறுத்தியாச்சு. இப்ப ஒங்கணக்குக்கு வாரேன். அவன் களவாண்டான், சரி. நீ பாத்துக்கிட்டே இருந்திய. அது எதுக்கு? அழுகட்டும்னுதான?"

"ஆமா" என்றேன். பொய் சொல்ல எனக்குப் பிடிக்காது.

"ராத்திரியெல்லாம் கழுத்தத் தடவித் தடவிப் பாக்கான் டீச்சர். எனக்கு எப்படி இருக்கும்?"

எப்படி இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்க நாக்கு வரவில்லை. "என்ன செய்யணும் சொல்லுங்க" என்றேன்.

"இவன நீ ஓட வைக்கணும். களவு இல்லாம, காலையிலயும் முழுசா, மத்தியானமும் முழுசா. ஓடி ஒந்தம்பிய ஜெயிக்கணும். நீயே அங்கன நின்னு கூப்புட்டு ஜெயிக்க வைக்கணும். அதுவரைக்கும் ஒன்னைய விட மாட்டேன்."

விடவில்லை. வேலை முடிந்து பஸ் பிடித்து மகனோடு வந்துவிடுவாள். சுற்றுச்சுவர் ஓரம் உட்கார்ந்து கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். தூக்குச்சட்டியில் கொண்டுவரும் எலுமிச்சைச் சோற்றை மாரிக்கும் கௌதமுக்கும் பாதிப் பாதி உருட்டிக் கொடுப்பாள். எனக்கு ஒரு வாய் வேண்டுமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஏ அப்பா, என்ன வன்மம்! சில நாள் அவள் வர நேரமானால் எனக்கே எரிச்சலாக இருக்கும்.

தாமோதர் இதைக் கேள்விப்பட்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். பெற்றோர்களைத் தூண்டிவிட்டு ஆட்களைத் திருடுகிறேனாம். "அந்தப் பையன் யாரையும் தாண்டி ஓடவே மாட்டான். அவன் சுபாவம் அது, அன்னிக்கு மத்தியானம் ஏதோ ஒரு மூடுல ஓடிட்டான். நான் சொல்லிக் கொடுத்தேன்னு அபாண்டம் பேசறாங்க. அவங்க தாண்ட வச்சுக் காட்டட்டும், நான் இல்லத்தையே மூடிடறேன்" என்று நன்கொடையாளர்களிடம் சத்தியம் செய்தானாம். என் காதுக்கு வந்தது. தாண்ட வைத்துக் காட்டுகிறேன்டா மகனே என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஆனால் மாரி உண்மையிலேயே தாண்டவில்லை. தனியாக ஓடினால் காற்று. பக்கத்தில் ஒரு ஆள் ஓடினால் போதும், அவன் வேகத்துக்கு இறங்கிவிடுவான். முன்னே போய்விட்டால் நின்று காத்திருப்பான். ஒருமுறை பரோட்டாவுக்காகச் சொல்லிக் கொடுத்தது அப்படியே மண்டையில் உறைந்துவிட்டது. தாண்டினால் கெட்டது நடக்கும், கழுத்தில் இருப்பதைப் பிடுங்குவார்கள் என்றும் சேர்த்துப் புரிந்துகொண்டானோ என்னவோ. "தாண்டு மாரி" என்று ஆயிரம் தடவை சொன்னேன். தலையை ஆட்டுவான், மறுபடி நிற்பான்.

முத்துப்பேச்சியையே கூப்பிடச் சொல்லிப் பார்த்தேன். அம்மா கூப்பிட்டால் வீட்டுக்குக் கிளம்பும் நேரம் என்று அர்த்தம். ஓட்டத்தை விட்டுவிட்டுச் செருப்பைத் தேடப் போய்விட்டான்.

கடைசியில் ஒரே ஒரு வழிதான் பலித்தது. ஓடும்போது அவன் பெயரை மட்டும் கூப்பிட வேண்டும். மூச்சு விடாமல், வேறு எந்தப் பெயரும் காதில் விழாமல், "மாரி மாரி மாரி" என்று. அப்போது பக்கத்தில் ஓடுகிறவனை மறந்துவிடுவான். நடுவில் ஒரே ஒரு தடவை "கௌதம்" என்று வாய் தவறிச் சொன்னாலும் போச்சு, திரும்பிப் பார்ப்பான், கௌதமுக்காக நின்றுவிடுவான். கௌதமோ நான் கூப்பிடாவிட்டால் நகர மாட்டான். அதனால் இரண்டு பேரையும் சேர்த்து ஓட விடுவதையே நிறுத்தினேன். மாரியை மற்றவர்களோடு ஓட விட்டேன், கௌதமைத் தனியாக. எல்லாவற்றையும் முத்துப்பேச்சி சுவரோரமிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு நல்லதும் நடந்தது. மாரியைப் பார்த்துப் பார்த்துக் கௌதமுக்கு வேகம் ஏறியது. தொந்தி கரைந்தது. மாரியைவிடக் கொஞ்சம்தான் மெதுவு என்கிற அளவுக்கு வந்துவிட்டான். அதில் எனக்குப் பெருமை பிடிபடவில்லை, பின்னால் வரப்போவதை யோசிக்கவுமில்லை.

இந்த வருஷப் போட்டி. அதே ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானம். காலையில் மாரி ஒரு செட்டில் ஓடினான், கௌதம் வேறு செட்டில். இருவரையும் முழு மூச்சாகக் கூப்பிட்டேன், இருவரும் முழு வேகத்தில் ஓடினார்கள். பத்து மணிக்கு மேல் குரூப் பிரித்து ஒட்டினார்கள். நேரம் நெருக்கமாக இருந்ததால் இருவரையும் ஒரே குரூப்பில் போட்டிருந்தார்கள்.

சக்ரபாணி சாரிடம் ஓடினேன். "ரெண்டு பேருக்கும் என் ஒரு குரல்தான் சார். தனித்தனியா மாத்த முடியுமா?"

"உங்களுக்காக ஒரு குரூப்பை மாத்தினா, அடுத்து தாமோதர் வந்து நிப்பாரு. ரெண்டு வருஷமா பாத்தாச்சு. வேண்டாம்மா."

எனக்கு வேறு வழியில்லை. இருவர் பெயரையும் கூப்பிட்டால் மாரி கௌதமுக்காக நிற்பான், கௌதம் ஜெயிப்பான். தாமோதர் சொன்னது நிஜமாகிவிடும், முத்துப்பேச்சி என்னைக் கொன்றே போடுவாள். மாரியை மட்டும் கூப்பிட்டால்?

மத்தியானம் தொடக்கக் கோட்டில் கௌதமுக்குச் சட்டையை இழுத்து விட்டேன். "அக்கா, கூப்புடுவியா?" என்று கேட்டான். எப்போதும் கேட்பான். "கூப்பிடுவேன்லே" என்று எப்போதும் போலச் சொல்லிவிட்டு நடந்தேன். இரண்டு பேரையும் கூப்பிடுவது என்றுதான் அப்போது மனதில் இருந்தது. என் தம்பி ஆயிற்றே. என்னவோ ஆகட்டும் என்றுதான் நடந்தேன்.

கோட்டுக்கு அப்பால் போய் நின்றேன். முத்துப்பேச்சி வந்து என் பக்கத்தில் நின்றாள். நாலடி தள்ளிப் பந்தல் நிழலில் தாமோதர். மூன்று நன்கொடையாளர்கள். அவர்களில் ஒருவரிடம், நான் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னான்.

"பாருங்க சார், இப்ப நிப்பான். சிஸ்டரோட தம்பிக்கு வழி விட்டு நிப்பான். அதுக்குத்தான் இவனைக் கூட்டிட்டுப் போனதே. தம்பிக்கு மெடல் வேணும்ல?"

சிரித்தான். அவர்களும் சிரித்தார்கள்.

விசில் ஊதியது.

"மாரி!" என்றேன். "ஏலே மாரி! மாரி! வாலே மாரி!"

அந்த ஒரு பெயர்தான். அதற்குமேல் வேறு பெயர் என் வாயில் வரவில்லை, வர விடவில்லை. தாமோதரின் காது கிழிய வேண்டும் என்று கத்தினேன். மாரி வந்தான். பக்கத்தில் ஓடியவனைத் தாண்டினான், அதற்கடுத்தவனைத் தாண்டினான், திரும்பிப் பார்க்கவே இல்லை. கோட்டைத் தாண்டி வந்து என்மேல் மோதி, இரண்டு பேரும் கீழே விழுந்தோம். முத்துப்பேச்சி குலவை போட்டாள். அப்படி ஒரு குலவையை நான் எந்தக் கோயில் கொடையிலும் கேட்டதில்லை.

எழுந்ததும் முதலில் தாமோதரைத்தான் பார்த்தேன். அவன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. ஒரு நன்கொடையாளர் அவனிடம், "என்ன சார், தாண்டவே மாட்டான்னு சொன்னீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவன் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, பேச ஆளில்லாமலேயே பேசிக்கொண்டு நழுவினான். சக்ரபாணி சார் காலை நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "சுத்தமான ஓட்டம்" என்று மைக்கிலேயே சொன்னார். இரண்டு வருஷமாக எரிந்துகொண்டிருந்த என் வயிறு அப்போதுதான் குளிர்ந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். பொய் சொல்ல மாட்டேன், அந்த நிமிஷத்துக்கு ஈடாக எதையும் கொடுத்திருப்பேன்.

முத்துப்பேச்சி குலவையை நிறுத்தியிருந்தாள். என் முழங்கையைத் தொட்டு, மைதானத்தைக் காட்டினாள்.

கௌதம் நடுவில் நின்றுகொண்டிருந்தான். எல்லோரும் ஓடி முடித்து வெளியே போயிருந்தார்கள். அவன் மட்டும், அவன் ஓட வேண்டிய கோடுகளுக்கு நடுவில், கை இரண்டையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். போஸ்டரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்துக்கிட்டே நின்னா எப்படி இருக்கும்னு இப்பத் தெரியுதா?" என்றாள் முத்துப்பேச்சி. "இம்புட்டுக்குத்தான் ஒரு வருசமா பஸ் ஏறி வந்தேன்." அவள் குரலில் சந்தோஷம் இல்லை. மாரியின் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மேடைப் பக்கம் போனாள்.

நான் கோட்டுக்கு அப்பால்தான் நின்றிருந்தேன். "கௌதம்!" என்று கூப்பிட்டேன். அவன் அசையவில்லை. "கௌதம், வாலே! அக்கா கூப்பிடுதேன்லே!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன். என் குரலுக்கு அவன் வராமல் இருந்ததே கிடையாது.

"நீ மாரியக் கூப்புடு" என்றான். சொல்லிவிட்டுத் தொடக்கக் கோட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தான்.